சங்கம் திரட்டட்டும், அரசு தாங்கட்டும்

அவைத்தலைவர் அவர்களே, கூட்டுறவு இயக்கத் தோழர்களே, மகளிர் குழுக்களிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, வணக்கம்.

2015இல் 12 ரூபாய் ஆண்டுப் பிரீமியத்தில் தொடங்கிய பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்துக்கு 2022 முதல் 20 ரூபாய் பிடிக்கிறார்கள். விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆண்டுக்கு இருபது ரூபாய் கட்ட முடியாத கட்டடத் தொழிலாளி இல்லை. ஆயினும் மே மாதக் கடைசியில் வங்கி அந்தத் தொகையைப் பிடிக்க முயலும்போது கணக்கில் இருப்பு இல்லையென்றால் காப்பீடு அத்தோடு முடிந்துவிடுகிறது. காப்பீடு நடப்பில் இருக்கும்போதே அவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டாலும், முதல் தகவல் அறிக்கையையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் வாங்கிக்கொண்டு வங்கிக் கிளைக்கு நடக்க வேண்டியவர், பெரும்பாலும் அப்படியொரு பாலிசி இருந்ததையே அறியாத அவருடைய மனைவி. ஆகவே அமைப்புசாராத் தொழிலாளர் காப்பீட்டுக்கு வெளியே நிற்பதற்குப் பணமில்லாமை ஒன்றே காரணம் என்பதை நான் ஏற்பதில்லை. கையில் காசு புழங்கும் நாளில் சந்தா வாங்க ஆள் வேண்டும். இழவு விழுந்த வீட்டுக்குக் காகிதம் சேர்த்துக் கொடுக்க ஆள் வேண்டும். குழுவின் ஊக்குநரும் தெருவில் சீட்டுப் பிடிக்கும் அக்காவும் இதில் பாதி வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதை முதலில் கண்டுகொண்டவர்களில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான அகமதாபாத்தின் சேவா சங்கத்தினர் முக்கியமானவர்கள். இலா பட் 1972இல் தொடங்கிய அச்சங்கத்தில் காய்கறி விற்பவர்களும் தலைச்சுமை தூக்குபவர்களும் வீட்டிலிருந்தே தைப்பவர்களும் சேர்ந்தனர். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் 10 ரூபாய் பங்குப் பணம் போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியை ஏற்படுத்தினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத உறுப்பினரை அடையாளம் காணப் பாஸ்புக்கில் புகைப்படம் ஒட்டினார்கள். தவணை தவறியவர்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்தபோது நோயும் பிரசவ மரணமுமே பல இடங்களில் காரணமாகத் தெரியவந்தன. 1992இல் உருவான விமோசேவா காப்பீடு அந்த அனுபவத்தின் விளைவு. உறுப்பினர் ஒருமுறை நிலையான வைப்புத்தொகை போட்டுவிட்டால் ஆண்டுதோறும் அதன் வட்டியிலிருந்தே பிரீமியம் கட்டப்படும் ஏற்பாட்டை அதில் செய்தார்கள். எந்த மாதத்தில் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாத கூலிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் அறியேன்.

ஆனால் 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூகம்பம் வந்தது. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் மற்றவர்கள் தாங்கிக்கொள்ளலாம்; ஊரே இடிந்து விழுந்தால் தாங்குவதற்கு யார் மிஞ்சுவார்கள்? பரஸ்பர உதவி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் அதன் எல்லை இங்கே வந்துவிடுகிறது.

இந்த எல்லையை அரசு எப்படிக் கடக்க உதவலாம் என்பதற்கு ருவாண்டாவைப் பார்க்கலாம். அங்கே 1999இல் 3 மாவட்டங்களில் உறுப்பினர்கள் சந்தா போட்டு ஒருவர் மருத்துவச் செலவை மற்றவர்கள் தாங்கும் பரஸ்பர உதவி நிதிகள் சோதனையாகத் தொடங்கப்பட்டன. குடும்பத்தில் அனைவருக்கும் சேர்த்து ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும் என்ற விதி ஏழைகளுக்குப் பெரும் பாரமாக இருந்தது. நம்முடைய சீட்டைப் போன்ற இக்கிமினா குழுக்கள் அந்தச் சந்தாவைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்தன. மிக ஏழைகளுக்கான சந்தாவை அரசு ஏற்றது. சுகாதார நிலையம் வாரியாகச் சிதறிக் கிடந்த நிதிகள் படிப்படியாக இணைக்கப்பட்டு, 2015இல் நிர்வாகம் தேசிய சமூகப் பாதுகாப்பு வாரியத்திடம் சென்றது. பணத்தைத் திரட்டும் வேலை தெருவிலேயே இருந்தது. இடரின் சுமை தேசத்தின் தோளுக்கு ஏறியது.

நாமும் இந்தப் பங்கீட்டைத்தான் கேட்க வேண்டும். சந்தா திரட்டுவதற்கும் க்ளெய்ம் காகிதங்களைச் சேர்ப்பதற்கும் குழுக் கூட்டமைப்புகளுக்கு முறையான கட்டணம் தரப்பட வேண்டும். பெண்களின் வேலை என்றாலே சேவை என்று பெயர் சூட்டி இலவசமாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் இதிலும் நுழையக்கூடாது. அதே வேளையில், எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று இலக்கு வைத்துக் குழுவை விரட்டினால் அது அரசு அலுவலகத்தின் கிளையாகிவிடும். உறுப்பினர்களின் நம்பிக்கையும் போய்விடும். இறந்த உறுப்பினரின் குடும்பத்துக்கு எத்தனை நாளில் பணம் கிடைத்தது என்ற கணக்கையே வட்டாரம் வாரியாக வெளியிடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழு என்றால் அதற்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. திருப்பூருக்கு ஒடிசாவிலிருந்து வந்து தங்கியிருக்கும் இளைஞரை எந்தத் தெருச் சீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். அவரைக் குழுவின் வழியாக வரச் சொல்வது நியாயமாகாது. நலவாரியமே அவருடைய விடுதி வாசலுக்குச் சென்று, அவருடைய மொழியில் பேசிப் பதிவு செய்ய வேண்டும்.