காசுக்கு வாங்கிய ஸ்டார் விளம்பரம்தான்

வணக்கம் மக்களே. பின்னாடி இரைச்சலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நிற்கிறேன், இங்கே இரைச்சல் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. துணி எடுக்க வரவில்லை. இந்தப் பக்கத்தில் முடி கொட்டுவதற்கு வைத்தியம் பார்க்கிற ஒரு கிளினிக்குக்கு என் மச்சானைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பெயர் சொல்ல மாட்டேன், கமெண்டில் கேட்காதீர்கள்.

உள்ளே போனதும் கவுண்டரில் ஒரு கியூ.ஆர். அட்டை. அதற்குக் கீழே, "5 ஸ்டார் போடுங்கள், இன்றைய பில்லில் 200 ரூபாய் தள்ளுபடி." மச்சான் இன்னும் டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண், "போனைக் கொடுங்க சார், நானே போட்டுத் தரேன்" என்று கை நீட்டுகிறார்.

சரி என்று உட்கார்ந்து அவர்களுடைய ரிவ்யூக்களைப் படித்தேன். நாலைந்து பேர் ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழையோடு. அதில் ஒருவர் பெயரைத் தொட்டால், அதே நாளில் சூரத்தில் ஒரு டயர் கடைக்கும் இந்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் 5 ஸ்டார் போட்டிருக்கிறார். டயரை மாற்றிவிட்டு, மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் முடி வைத்தியத்துக்கு வண்ணாரப்பேட்டை வந்திருக்கிறார் போல.

இதைப் பலர் "ரிவ்யூதானே, யார் கேட்பார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ஐ எடுத்துப் பாருங்கள். விளம்பரம் என்றால் என்ன என்பதற்கு அதில் ஒரு நீளமான விளக்கம் இருக்கிறது: ஒளி, ஒலி, புகை, வாயு, அச்சு, இணையம் என்று எதன் வழியாகச் செய்தாலும் விளம்பரம்தான், இன்னொருவர் பரிந்துரைப்பதும் விளம்பரம்தான். புகையைக்கூட விடவில்லை பாருங்கள், கியூ.ஆர். அட்டையையா விடப்போகிறார்கள்? வந்துபோனவர் தானாக எழுதினால் அது அவர் கருத்து. கிளினிக் காசு கொடுத்து எழுத வைத்தால், என் கணக்கில் அது கிளினிக்கின் விளம்பரம். பொய்யாக இருந்தால், தவறாக வழிநடத்தும் விளம்பரம்.

அப்படிப்பட்ட விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள், பரிந்துரைப்பவர் சொல்வது அவருடைய உண்மையான கருத்தாக இருக்க வேண்டும், விளம்பரதாரரோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தால் அதை வெளியே சொல்ல வேண்டும் என்கின்றன. காசு வாங்கிக்கொண்டு வீடியோ போடுகிற என்னை மாதிரி ஆட்களுக்கும் இது பொருந்தும். பரிந்துரைத்தவருக்கு ஒரு வருடம் வாய்ப்பூட்டு போடவும் அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அப்புறம், ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே அதே வருடம் நவம்பரில் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை வந்தது. ஆனால் அது விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்கிற ரகம். பல்லில்லாத சமாச்சாரம் என்பது என் அபிப்பிராயம்.

டாக்டர் என்றால் இன்னொரு கட்டும் இருக்கிறது. 2002-ல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகள், நோயாளியை நேராகவோ சுற்றிவளைத்தோ ஆள்பிடிக்கக் கூடாது என்கின்றன. அதே விதிகள்படி டாக்டர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் போட வேண்டும். மச்சானிடம் கொடுத்த சீட்டில் தலைமுடி படம் இருந்தது, எண் இல்லை. ஸ்டாரை எண்ணுகிற நேரத்தில் அந்த எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

வக்கீல்கள் கதை வேறு. அவர்கள் விளம்பரமே செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2024 ஜூலையில் நம்ம பாரிமுனை ஐகோர்ட், வக்கீல்களுக்கு வாடிக்கையாளர் ரேட்டிங் போடுவது அந்தத் தொழிலுக்கே இழுக்கு என்று சொல்லி, இணையத்தில் ஆள்பிடிக்கும் வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்க வழிவகை செய்யுமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. அமெரிக்காவில் இதற்கு நேரெதிர். அவ்வோ என்கிற தளம் 2007-ல் வக்கீல்களுக்கு 10-க்கு இத்தனை என்று மார்க் போட ஆரம்பித்தது. சியாட்டில் கோர்ட்டில் வழக்கு போனது. மார்க் என்பது ஒருவர் கருத்து, கருத்து சொல்ல உரிமை உண்டு என்று அந்த வருடமே தள்ளுபடி ஆகிவிட்டது.

ஐகோர்ட் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம்தான். கேஸ் தோற்றவர் கோபத்தில் போடுகிற 1 ஸ்டாரை வைத்து வக்கீலை எடைபோட முடியாது, வாஸ்தவம். ஆனால் 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட், வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றும் சொல்லிவிட்டது. ரேட்டிங்கும் கூடாது, நுகர்வோர் வழக்கும் கூடாது என்றால், வியாசர்பாடியிலிருந்து முதல் தடவையாகக் கோர்ட் படி ஏறுகிறவர் எதைப் பார்த்து வக்கீல் பிடிப்பார்? மிஞ்சுவது பார் கவுன்சிலில் புகார் கொடுப்பதுதான். அதுவும் ஏமாந்த பிறகு.

டாக்டர் மேல் நுகர்வோர் வழக்கு போடலாம், அது 1995-லேயே முடிவான விஷயம். நம்ம வட சென்னைக்குத் தனி நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வழக்கெல்லாம் வேண்டாம், புகார் மட்டும் போதும் என்றால் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கு முன் அந்த அட்டையைப் போட்டோ எடுத்து வையுங்கள், ரிவ்யூக்களைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பில்லில் தள்ளுபடி எழுதியிருந்தால் பில்லையும் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு அட்டை இருக்காது.

நீங்கள் 1 ஸ்டார் போடுவதாக இருந்தால், நடந்ததை மட்டும் எழுதுங்கள். "இத்தனை மணிக்குப் போனேன், இவ்வளவு வாங்கினார்கள், ரசீது தரவில்லை." "திருட்டுப் பயல்" என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். மச்சான் அந்த 200 ரூபாயை வாங்கவில்லை, ஸ்டாரும் போடவில்லை. முடி? இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.