சாகட்டும் என்று காத்திருந்த சட்டம்

கத்தோலிக்கரை ஒடுக்க புராட்டஸ்டண்டு அரசு போட்ட அயர்லாந்தின் தண்டனைச் சட்டங்கள் என்றதும் நமக்குத் தூக்குமேடைதான் ஞாபகம் வருகிறது. ஆனால் அந்தச் சட்டங்களில் என்னை நடுங்க வைப்பது தூக்குக் கயிறு இல்லை, பதிவேடு.

1697-இல் போட்ட சட்டத்தின்படி கத்தோலிக்க ஆயர்களும் சபைத் துறவிகளும் 1698 மே 1-க்குள் நாட்டை விட்டே போய்விட வேண்டும், திரும்பி வந்தால் ராஜத்துரோகம். டப்ளின், கால்வே, கார்க், வாட்டர்ஃபோர்டு துறைமுகங்களிலிருந்து 424 துறவிகளைக் கப்பலேற்றினார்கள். சரி, பங்குக் குருக்களை, அதாவது ஊர்க் கோயில் சாமியார்களை, மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? ஆயர் இல்லையென்றால் குருப்பட்டம் கொடுக்க ஆள் இல்லை. இருக்கிற சாமியார் கிழடாகிச் செத்தால் அந்தப் பங்கும் அவரோடு போயிற்று. கையில் ரத்தமே படாது, பாருங்கள்!

1704-இல் அந்தக் குருக்களைப் பதியச் சொன்னார்கள். பெயர், வயது, வீடு, பங்கு, பட்டம் கொடுத்த ஆயர் யார் என்பதுவரை எழுதிக்கொடுத்து, ஆளுக்கு 50 பவுண்டு வீதம் இரண்டு பேரை ஜாமீனும் நிறுத்த வேண்டும். பதிந்தால் நிம்மதியாகப் பூசை வைக்கலாம் என்று நம்பி 1,089 பேர் பதிந்தார்கள். 1709-இல் அடுத்த சட்டம் வந்தது: பறிபோன அரியணைக்கு உரிமை கேட்டு நாடு கடந்து வாழும் கத்தோலிக்க ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசருக்கு அரசுரிமையே கிடையாது என்று 1710 மார்ச் 25-க்குள் சத்தியம் செய். அவரை மன்னராக ஏற்றிருந்தவர் போப்பாண்டவர்; குருக்கள் எப்படிச் செய்வார்கள்? செய்தவர்கள் 33 பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் கெடு முடிந்ததும் குற்றவாளிகள், அதுவும் முகவரியைத் தாங்களே அரசிடம் கொடுத்துவிட்ட குற்றவாளிகள்.

ஆயரைப் பிடித்துக்கொடுத்தால் 50 பவுண்டு, துறவிக்கு 20. பதினாறு வயது தாண்டிய எந்தக் கத்தோலிக்கரையும் கூப்பிட்டு, கடைசியாக எங்கே பூசை கண்டாய், வைத்தது யார், கூட யார் இருந்தார்கள் என்று நீதிபதி கேட்கலாம். வாய் திறக்காவிட்டால் 20 பவுண்டு, இல்லாவிட்டால் ஓராண்டு சிறை. இதற்கு ஜனங்கள் பிடித்த வழியை 1714-இல் க்லோகர் ஆயர் ஹியூ மக்மஹோன் ரோமுக்கு எழுதியிருக்கிறார் (அவரே மாற்றுப் பெயரில்தான் நடமாடினார்): சில இடங்களில் குரு முகத்தை மூடிக்கொண்டு பூசை வைப்பாராம். யார் என்று பார்க்கவில்லை என்று அப்புறம் பொய் இல்லாமலே சத்தியம் செய்யலாமே!

வாலிபர்கள் பாரிஸ், லூவேன், சலமாங்கா என்று வெளிநாடு போய்க் குருப்பட்டத்துக்குப் படித்துவிட்டுத் திருட்டுத்தனமாகக் கரையேறிக்கொண்டே இருந்தார்கள். 1731-இல் அரசே கணக்கெடுத்தது: 1,445 குருக்கள், 254 துறவிகள். அதுவும் கண்ணில் பட்டவர்கள் கணக்குதான்.