நாளைக்கு அப்பாட ஆண்டுத் திவசம்

வணக்கம் உறவுகளே. எல்லாரும் சுகமா இருக்கிறியளோ? கன நாளைக்குப் பிறகு வீடியோவில வாறன். இண்டைக்கு வயலும் காட்டேல்லை, சமையலும் இல்லை. கிளிநொச்சி வட்டக்கச்சியில எங்கட வீட்டுக் குசினிக்குள்ள இருந்துதான் கதைக்கிறன். நாளைக்கு அப்பாட ஆண்டுத் திவசம்.

"அப்பாவைக் காணேல்லை, ஏன் இப்ப காட்டுறேல்லை" எண்டு கன பேர் கேட்டனியள். 'காலமாயிட்டார்' எண்டு எழுத ஒரு வருசமாக் கை வரேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவரோட சேர்ந்து வயலுக்குள்ள நடந்த ஆக்கள் மாதிரித்தான் நீங்களும். உங்களுக்குச் சொல்லத்தான் வேணும்.

போன மாசி. காலபோகம் வெட்டி, நெல்லை றோட்டுக் கரையில படங்கில காயப் போட்டிருந்தம். பின்னேரம் மூண்டு மணி இருக்கும், அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தார். "வாயுக்குத்துப் போல கிடக்கு பிள்ளை, இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்ரீ தா" எண்டார். ஊத்திக் குடுத்தன். குடிச்சிட்டு இடது தோளை உருட்டி உருட்டிப் பார்த்தார். சேட்டு நனைஞ்சு முதுகோட ஒட்டிப் போச்சு. மழை இருட்டி, குளிர் காத்து வீசுது, அதுக்குள்ள ஒரு மனுசனுக்கு ஏன் இப்பிடி வேர்க்குது எண்டு நான் யோசிச்சிருக்கவேணும். யோசிக்கேல்லை.

அம்மா ரெண்டு தரம் கேட்டவ: "இஞ்சேருங்கோ, வாங்கோ ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போட்டு வருவம்." அப்பா, "நெல்லைக் குவிச்சு மூடிப்போட்டு வாறன்" எண்டிட்டார். மூடித்தான் போட்டார். படங்கின்ர நாலு மூலைக்கும் கல்லு வைச்சு முடிச்சாப் பிறகுதான் குந்தினவர். பக்கத்து வீட்டு அண்ணையின்ர ஓட்டோவில ஏத்திக்கொண்டு போகேக்க என்ர மடியிலதான் தலை. போய்ச் சேரேக்க அஞ்சரை. டொக்டர் வந்து மாரடைப்பு எண்டு சொல்லேக்க அப்பா இல்லை. 53 வயசு.

கடைசி மட்டும் எங்களுக்காக நெல்லைப் பார்த்த மனுசன் எண்டு செத்தவீட்டில எல்லாரும் சொன்னவை. எனக்கு அதைக் கேக்கக் கேக்கக் கோவம்தான் வந்தது. நெல்லு நனைஞ்சா நனையட்டும். அந்த நெல்லு வித்த காசு எட்டுச்செலவுக்குத்தான் போச்சுது.

அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது. அந்த மாதக் கிளினிக்குக்கு, வெட்டு மிசின் வந்திட்டுது எண்டு போகேல்லை. பிறகுதான் நான் கேட்டு அறிஞ்சனான், சீனி உள்ள ஆக்களுக்கு மாரடைப்பு நோவு பெரிசாத் தெரியாமலும் வருமாம். வாயு மாதிரி, நெஞ்சில பாரம் வைச்ச மாதிரி, தோள், நாடி, முதுகு எண்டு இழுக்கும், வேர்க்கும். ரத்தக்குழாய் அடைபட்டா நேரம் போகப் போக இதயத்தின்ர தசை செத்துக்கொண்டு போகும். வேளைக்குப் போனா உடன இசிஜி எடுத்து, அடைப்பைக் கரைக்கிற மருந்து ஏத்தலாம். 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும். 2018இலயே வடக்குக்கு வந்த சேவை. அண்டைக்கு எங்கட வீட்டில ஒருத்தருக்கும் அந்த நம்பர் ஞாபகத்துக்கு வரேல்லை. இப்ப இந்தக் குசினிச் சுவரில பெரிசா எழுதி வைச்சிருக்கிறன், பாருங்கோ, இஞ்ச. உங்கட அப்பாவும் "ஒண்டுமில்லை பிள்ளை" எண்டுதான் சொல்லுவார். கேக்காதேங்கோ.

கொஞ்சம் பொறுங்கோ. தண்ணி குடிச்சிட்டு வாறன்.

ம்... அம்மாவுக்கு அவர் எப்பிடி இருந்தவர் எண்டதைச் சொல்லவேணும். கடைசிச் சண்டைக்குள்ள, 2009 தையில வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிடேக்க எனக்கு எட்டு வயசு, தம்பிக்கு அஞ்சு. விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை, கடைசியா முள்ளிவாய்க்கால். போன இடமெல்லாம் அப்பா முதல்ல வெட்டுறது பங்கர். மண்மூட்டைக்குச் சாக்கு இல்லாமப் போக, சனமெல்லாம் சேலையை வெட்டித் தைச்சுத்தானே மண் நிரப்பினது. அம்மாட சேலையும் ஒவ்வொண்டாப் போச்சு. கடைசியில மிஞ்சினது கலியாணக் கூறைச் சேலை. அம்மா தானே எடுத்து நீட்டினவ. அப்பா அதை வாங்கி மடிச்சு, பிள்ளையள்ர உடுப்புப் பையுக்குள்ள வைச்சிட்டு, தன்ர ரெண்டு சாரத்தையும் கிழிச்சு மூட்டை தைச்சார். வெளியில வரேக்க அவரிட்ட இருந்தது உடுத்த உடுப்பு மட்டும்தான். கூறை வந்து சேர்ந்திட்டுது. மெனிக் பாம் முகாமில நானும் தம்பியும் அதைத்தான் போர்த்திக்கொண்டு படுத்தனாங்கள்.

கலியாணப் படம் ஒண்டும் மிஞ்சேல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிச்ச கல்வெட்டுப் புத்தகத்தில போட அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பிச்சனாங்கள். அதில அப்பா சிரிக்கேல்லை. சிரிச்ச அப்பா உங்களுக்குக் காட்டின வீடியோக்களிலதான் இருக்கிறார். அம்மா இரவில போனைக் காதுக்குப் பக்கத்தில வைச்சு அதுகளைத்தான் கேக்கிறவ. பாக்கமாட்டா. குரலை மட்டும்.

இந்த வீடும் அப்பா கட்டினதுதான். ஊருக்குத் திரும்பிக் கொஞ்ச வருசம் தகரக் கொட்டில். பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில அஞ்சரை இலட்சம், பகுதி பகுதியாத் தந்தவை. அப்பா மேசன், அம்மா கையாள். கூலிக்கு ஆள் பிடிக்கேல்லை. எனக்குப் பின்னால தெரியுதே இந்த ஜன்னல், இது பிளானிலயே இல்லை. குசினியில நிண்டா படலை தெரிஞ்சா நல்லம் எண்டு அம்மா ஒருக்காச் சொன்னவ, அதுவும் சுவர் எழும்பினாப் பிறகு. அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தா, அப்பா கட்டின சுவரை உடைச்சுக்கொண்டு நிக்கிறார்.

வயல் வேலை இல்லாத மாதங்களில வவுனியாப் பக்கம் மேசன் வேலைக்குப் போவார். சனிக்கிழமை பின்னேரம் வருவார். முறிகண்டியில பஸ் நிக்கும். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திப்போட்டு ஒரு சரை கச்சான் கடலை வாங்குவார். கொண்டுவந்து அம்மாட கையில குடுக்கிறேல்லை. வெளியில நிண்டு இந்த ஜன்னல் கட்டில வைச்சிட்டு, கிணத்தடிக்குக் கால் கழுவப் போயிடுவார். அம்மாவும் ஒண்டும் கேக்கமாட்டா. அவர் குளிச்சு வரேக்க கச்சானை உடைச்சு, கோது வேற, பருப்பு வேறயா எடுத்து வைச்சிருப்பா. பருப்பில பாதி எங்களுக்கு. மிச்சத்தை ரெண்டு பேரும் விறாந்தையில இருந்து ஒவ்வொண்டாச் சாப்பிடுவினம். என்ன கதைச்சவையோ தெரியாது, நாங்கள் நித்திரையாப் போற வரைக்கும் அந்தக் குரல் ரெண்டும் கேக்கும்.

நேற்றுப் படையலுக்குச் சாமான் எழுதினனாங்கள். வாழைக்காய், பயத்தங்காய், அப்பாவுக்குப் பிடிச்ச புளிச்சல் மோர்க்குழம்பு, வடை, பாயாசம். எல்லாம் எழுதி முடிய அம்மா கேட்டா, "திவசத்துக்குக் கச்சான் படைக்கலாமோ பிள்ளை? ஐயர் ஏதும் சொல்லுவாரோ?" எனக்கு வாய் வரேல்லை. தம்பிதான், "ஐயரை நான் பாக்கிறன், நீங்கள் பேசாம இருங்கோ அம்மா" எண்டவன்.

சந்தையிலயும் கச்சான் இருக்கு. ஆனா அவன் விடியவே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முறிகண்டிக்குப் போட்டான். இப்ப வாற நேரம். அம்மா அரிசி களைஞ்சபடி ஜன்னலுக்குக் கிட்ட நிக்கிறா. நான் போய் வாழைக்காய் வெட்டவேணும். வைக்கிறன் உறவுகளே.