உங்கள் கண் பொய் சொல்கிறதா, கமரா பொய் சொல்கிறதா? துருவ ஒளியைப் படமெடுக்கும் வழி

2024 மே 10ஆம் திகதி இரவு ரொறன்ரோவிலும் லண்டனிலும் வானம் இளஞ்சிவப்பாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்தபோது எடுக்கப்பட்ட படங்கள், உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வந்து குவிந்திருக்கக்கூடும். அவற்றை அனுப்பிய மாமாவிடமோ சித்தியிடமோ கேட்டுப் பாருங்கள். “கண்ணுக்கு இவ்வளவு நிறம் தெரியவில்லை, போனில்தான் இப்படி வந்தது” என்று அவர்களுள் பலர் சொல்வார்கள். அப்படியானால் யார் பொய் சொல்வது?

இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். மங்கலான வெளிச்சத்தில் நிறத்தை உணரும் கலங்கள் நம் விழித்திரையில் ஏறக்குறைய உறங்கிவிடுவதால், மெல்லிய துருவ ஒளி வெறும் சாம்பல் நிற மேகமாகவே தோன்றுகிறது. கமராவோ பல செக்கன்களுக்கு வந்துசேரும் ஒளியை ஒன்றுசேர்த்து, அதிலுள்ள நிறத்தை வெளிக்கொண்டுவருகிறது. ஒளி பலமாக இருக்கும் இரவுகளில் வெறுங்கண்ணுக்கும் பச்சை தெளிவாகத் தெரியும்.

பின்னணியை விரைவாக முடித்துவிடுவோம். சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துணிக்கைகள் பூமியின் காந்தப்புலத்தைக் குலைக்கும்போது முடுக்கப்படும் இலத்திரன்கள், நிலத்திலிருந்து 100 கிலோமீற்றருக்கும் மேலேயுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் மோதி ஒளிரச் செய்கின்றன. அதுதான் துருவ ஒளி, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் தெரியுமா என்று கருத்துப் பகுதியில் கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்: காத்திருக்க வேண்டாம். நாம் காந்தத் துருவங்களிலிருந்து வெகு தொலைவில், காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம். அந்த 2024 மே காந்தப் புயலின்போது (பூமியின் காந்தப்புலம் பெரிதாகக் குலைந்த நிகழ்வு) லடாக்கின் ஹன்லே வானாய்வகக் கமராக்களில் சிவப்பு ஒளி பதிவானது. 1872 பெப்ரவரியில் வீசிய பெரும் புயலில் மும்பாய்வரை அது தெரிந்ததாகப் பதிவுகள் உள்ளன. அதற்கும் தெற்கே நம்மிடம் வருமென்று மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தால் நுளம்புக்கடிதான் மிஞ்சும். ஆகவே செப்டெம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் நோர்வேயின் ட்ரொம்சோ போன்ற ஊருக்குப் போகப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் அங்கே சூரியன் மறையாத வாரங்களும் உண்டு. அப்போது போனால் பணம் வீண். (1980களில் வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன நம்மவர்கள், சுற்றுலாப் பயணிகள் பெருந்தொகை கொடுத்துப் பார்க்கும் இக்காட்சியை வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே பார்த்தவர்கள்.)

[திரையில்: ஒரே ஒளி, இரண்டு படங்கள். இடப்புறம் 20 செக்கன், வலப்புறம் 3 செக்கன்.]

இனி நான் அதிக நேரம் செலவழிக்கப்போகும் இடத்துக்கு வருகிறேன். கமராவில் ஐ.எஸ்.ஓ (ஒளியை உணரும் திறன்) 1600 தொடக்கம் 3200 வரை, வில்லைத் துளை எப் 2.8 அல்லது அதைவிட அகலம் என்பதை எவரும் சொல்லித் தருவார்கள். படத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் கதவை) எத்தனை செக்கன் திறந்து வைக்கிறீர்கள் என்பதே. நல்லூர்த் திருவிழா இரவொன்றில் கமராவை அசையாமல் நிறுத்தி ஷட்டரை 15 செக்கன் திறந்துவைத்தால், கோபுரம் கூர்மையாக விழும், சுவாமியோடு நகரும் கூட்டமோ புகைப்படலமாகிவிடும். துருவ ஒளியின் திரைச்சீலை மடிப்புகளும் அந்தக் கூட்டத்தைப் போலத்தான்: அவை ஆடி ஓடும்போது 20 செக்கன் கொடுத்தால் மடிப்புகள் கரைந்து, வெறும் பச்சைப் பூச்சு மட்டுமே எஞ்சும். ஒளி வேகமாக ஆடினால் 2 முதல் 5 செக்கன், மந்தமாக நின்றால் 10 முதல் 15 செக்கன் என்பது என் பரிந்துரை. நேரத்தைக் குறைத்ததால் படம் இருண்டால் ஐ.எஸ்.ஓவைக் கூட்டுங்கள், குருணை (சிறு புள்ளிகள்) விழுந்த கூர்மையான படத்தை, வழுவழுப்பான மங்கல் படத்தைவிட நான் எப்போதும் விரும்புகிறேன்.

இதில் என்னை மிகவும் மகிழ்விக்கும் விடயம் ஒன்று உண்டு. மோதுண்ட ஒட்சிசன் அணு பச்சை ஒளியை வெளியிட ஒரு செக்கனுக்கும் குறைவான நேரமே எடுக்கிறது. சிவப்பை வெளியிடவோ அது ஏறத்தாழ 110 செக்கன் பொறுத்திருக்க வேண்டும். தாழ்வான உயரங்களில் காற்று அடர்த்தியாக இருப்பதால், அவ்வளவு நேரம் காத்திருக்கும் அணுவை வேறொரு மூலக்கூறு மோதி அதன் சக்தியைப் பறித்துவிடுகிறது. அதனாலேயே சிவப்பு 200 கிலோமீற்றருக்கு மேலேதான் மிளிர்கிறது. காத்திருக்கும் வேளையில் அணுக்கள் அங்குமிங்கும் நகர்ந்துவிடுவதால் சிவப்பின் விளிம்பு இயல்பாகவே மங்கலாக இருக்கும். ஆகவே சிவப்புக்காக நீண்ட நேரம் திறந்து வைத்தாலும் இழப்புப் பெரிதல்ல. கூர்மையான விளிம்புடைய பச்சைக்குத்தான் சிக்கனம் தேவை.

[திரையில்: இரவு, கசூரினா கடற்கரை.]

விமானம் ஏறுமுன் ஒத்திகை பார்ப்பதற்குக் காரைநகர் கசூரினா கடற்கரையைவிடச் சிறந்த இடத்தை நான் கேட்கமாட்டேன். நிலவற்ற இரவில் ட்ரைபொட்டை நிறுத்தி வடக்கே கடலை நோக்குங்கள். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்தில் நிற்கும். அதே நட்சத்திரம் ட்ரொம்சோவில் ஏறத்தாழ 70 பாகையில், உச்சிக்கு அருகில் இருக்கும். குவியத்தைச் சரிசெய்ய, வில்லையில் பொறித்திருக்கும் முடிவிலிக் குறியை நம்பாமல், பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெருப்பித்து, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைக் கையால் திருப்புங்கள். கமராவைத் தொட்டு அசைக்காதிருக்க 2 செக்கன் தாமதிப்பானைப் பயன்படுத்துங்கள். அதிர்வு தடுப்பியை நிறுத்திவிடுங்கள். இருட்டில் பொத்தான்களை விரல்நுனி தானாகவே தேடிப் பிடிக்கும்வரை பழகுவது அவசியம், ஏனெனில் அங்கே கையுறை போட்டிருப்பீர்கள்.

போனில் எடுப்பவர்களும் இரவு முறையில் செக்கன்களைக் கூட்டிவிட்டு, போனை ஒரு மதிலில் சாய்த்து வைத்தால் போதும். கையில் பிடித்து எடுக்கவே வேண்டாம்.

குளிரில் பற்றரி விரைவில் தளர்ந்துவிடும் என்பதால், மேலதிகப் பற்றரியை உடம்போடு ஒட்டிய சட்டைப்பையில் வையுங்கள். திரும்பி வந்ததும், சூடான அறைக்குள் நுழையுமுன்பே கமராவைக் காற்றுப்புகாத பொலித்தீன் பைக்குள் இட்டு மூடி, அது அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்காதீர்கள். இல்லையேல் வில்லையிலும் உட்புறத்திலும் ஈரம் படிந்துவிடும். படங்களை உடனே பார்க்க ஆசையாயிருந்தால், நினைவு அட்டையை வெளியில் நிற்கும்போதே கழற்றிக்கொள்ளுங்கள்.

நோர்வேயிலோ கனடாவிலோ இருந்து இதைப் பார்க்கும் உறவுகள், உங்கள் படத்துடன் எத்தனை செக்கன் கொடுத்தீர்கள் என்பதையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்த்து அடுத்த பதிவில் காட்டுகிறேன்.