கிட்னி பழுதான கிழட்டுப் பூனை, ஊடு நிறைய மத்ததுக

வணக்கமுங்க. இன்னைக்குப் பேச்சு, ஊட்டுல நாலஞ்சு பூனை, வாசல்ல ஒரு நாயின்னு வெச்சிருக்கறவங்களுக்கு. அதுல ஒண்ணுக்குப் பன்னெண்டு பதிமூணு வயசாகி, கிட்னி பழுதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு வெச்சுக்குங்க. மருந்து அவர் எழுதிக் குடுத்துருவாரு. நம்ம தலைவலியே வேறைங்க. போசியில தண்ணி காலி, குடிச்சது யாரு? வட்டல்ல சோறு காலி, தின்னது யாரு? கூட்டத்துல எதுவுமே தெரியாது.

அதனால ராத்திரிக்கு மட்டும் கிழவியைத் தனி ரூம்ல விட்டுருங்க. அதுக்குன்னு ஒரு போசி, ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போக மண்ணு நிரப்பின ஒரு தட்டு. பொழுதோட 300 மில்லி தண்ணி அளந்து வெச்சு, வெடியால மிச்சத்தை அளங்க. ஒரு நாள் கணக்கு பெருசில்லீங்க, வாரத்துக்கு வாரம் ஏறுதான்னு பாக்கோணும். நாள் முழுக்க அளந்தா கிலோவுக்கு 50 மில்லி சுமாரா சரி. 100ஐத் தாண்டினா டாக்டர்கிட்டச் சொல்லியே ஆகோணும். "ஒண்ணுக்கு அதிகமாப் போகுது"ன்னு தண்ணியைக் குறைக்கறவங்க இருக்காங்க. அதைய மட்டும் பண்ணிராதீங்க. பழுதான கிட்னியால மூத்திரத்தைக் கெட்டியாக்க முடியாது, தண்ணியா வெளிய உட்டுருது. அந்த நட்டத்தைத்தான் குடிச்சு ஈடு கட்டுது.

தட்டுல போடற மண்ணு, நனைஞ்சா கட்டி பிடிக்கற பென்டோனைட் களிமண்ணா வாங்குங்க. கட்டி பெருசாயிட்டே போனா, ஒண்ணுக்கு அதிகமாகுதுன்னு கண்ணுலயே தெரியும். தட்டு எத்தனைன்னா, பூனை எத்தனையோ அதுக்கு மேல ஒண்ணு. கிழவியோட தட்டுக்கு ஒரு பக்கம் விளிம்பை மூணு விரல் உயரத்துக்கு வெட்டிருங்க. மூட்டு வலிக்கற பூனை உசந்த தட்டுல ஏறாது, பொடக்காலி மூலையில போயிட்டு வரும், நாமதான் அதுக்குச் சேட்டைன்னு திட்டுவோம்.

அடுத்தது சோறு. கிட்னிக்குன்னு விக்கற தீனியில பாஸ்பரஸ் கம்மி. நம்ம பக்கம் பூனைன்னா பால்சோறு, தயிர்சோறு, மிஞ்சினா கருவாட்டுத் தலை. பால்ல பாஸ்பரஸ், கருவாட்டுல உப்பு, ரெண்டுமே இதுக்கு ஆகாது. புதுத் தீனியை மூணு வாரமாவது கொஞ்சூண்டு கொஞ்சூண்டாக் கலந்து மாத்துங்க. வாந்தியெடுக்கற அன்னைக்கு ஆரம்பிக்காதீங்க. குமட்டலையும் அந்த வாசத்தையும் சேத்து வெச்சுக்கிட்டு, பொறவு அந்தப் பக்கமே திரும்பாது. வெதுவெதுன்னு தண்ணி ஊத்திப் பிசைஞ்சா வாசம் தூக்கும். பாஸ்பரஸை இழுக்கற பொடி எழுதியிருந்தா சோத்தோடயே போகோணும், வெறும் வயித்துல குடுத்தா வீண்.

நாள் பூரா வட்டலை நிரப்பி வெக்கற பழக்கத்தை உட்டுருங்க. வேளைக்கு அரைமணி நேரம், எல்லாத்துக்கும் தனித்தனி இடம், அப்புறம் வட்டலை எடுத்துருங்க. வளந்த பூனை கிட்னித் தீனியை ரெண்டு வாய் தின்னா ஒண்ணும் ஆகாது, குட்டிகளுக்கு அது பத்தாது. கிழவி ஒரு நாள் பூராத் தொடலைன்னா டாக்டருக்குப் போன் போடுங்க. பட்டினி கெடந்தா பூனைக்கு ஈரல்ல கொழுப்பு சேந்துரும்.

இப்போ தோலுக்கடியில தண்ணி ஏத்தறது, கிட்ட வந்து பாருங்க. எவ்வளவு, எத்தனை நாளைக்கொருக்காங்கறது டாக்டர் கணக்கு. 4 கிலோ பூனைக்குப் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 100 மில்லி சொல்லுவாங்க. முத தடவை அவங்க முன்னாடி செஞ்சு பழகிக்குங்க. மருந்துக்கடையில "குளுக்கோஸ் பாட்டில்"னு பொதுவாக் கேட்டுராதீங்க. டாக்டர் எழுதின ரிங்கர் லாக்டேட்ங்கற உப்புத் தண்ணியா இருக்கோணும். டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் சக்கரை, கலந்தது தோலுக்கடியில எரியும், சீழும் பிடிக்கலாம்.

பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிசம் போட்டு, மணிக்கட்டுல ஒரு சொட்டு உட்டுப் பாருங்க. ஜன்னல் கம்பியில உசரமா மாட்டி, குழாய்ல காத்துப் போற வரைக்கும் ஓட உட்டு, ஓட்டத்தை நிறுத்தற குழாய் உருளையை மூடுங்க. ஊசி 20 கேஜ், மஞ்சக் கொண்டை. சன்னமா இருந்தா வலிக்காதுன்னு 23 வாங்கினா தண்ணி ஓட நேரமாகி, பூனை பொறுக்காது. தோள்பட்டைக்கு நடுவுல தோலைக் கூடாரமாத் தூக்கி, ஊசியோட சாஞ்ச வாய் மேல பாத்தாப்புல, முதுகுக்கு இணையாக் குத்துங்க. எதிர்ப்பக்கம் முடி நனைஞ்சா ஊசி துளைச்சு வெளிய வந்துருச்சுன்னு அர்த்தம். ஓட்டம் நின்னா ஊசியை லேசாத் திருப்புங்க. பாட்டிலே சப்பினாப்புல இருந்தா குழாய் செட்டுல இருக்கற காத்து மூடியைத் திறங்க. முடிச்சதும் முன்னங்காலு பக்கம் தொளதொளன்னு இறங்கும், பயப்படாதீங்க, சில மணி நேரத்துல வத்திரும். மறுநாளும் அப்படியே நின்னா அடுத்ததைப் போடாம டாக்டரைக் கேளுங்க. நாயி இருந்தா இதெல்லாம் கதவைச் சாத்திட்டுத்தான்.

போடறதுக்கு முன்னாடி, தூங்கறப்ப ஒரு நிமிசத்துக்கு மூச்சை எண்ணுங்க. 30க்கு மேல ஓடுச்சுன்னா தண்ணி ஏத்தாதீங்க, நெஞ்சுல நீர் கோத்திருக்கலாம். அன்னைக்கே காட்டோணும். திடீர்னு சுவத்துல முட்டுச்சுன்னா ரத்தக் கொதிப்பு கண்ணைத் தாக்கியிருக்கும். கழுத்து தொங்குச்சுன்னா ரத்தத்துல பொட்டாசியம் கம்மியா இருக்கலாம். பக்கத்துல ரத்தம் பாக்க வசதியில்லீன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்குது.

ஆஸ்பத்திரி போயிட்டு வந்தா மருந்து வாசத்துக்கு மத்த பூனைக சீறும். அன்னைக்கு ராத்திரி தனியா வெச்சு, எல்லாத்தையும் ஒரே துண்டுல தொடைங்க. நாயிக்கு உண்ணி மருந்து ஊத்தறீங்கன்னா பெர்மெத்ரின் இருக்கான்னு அட்டையைப் படிங்க. பூனைக்கு அது விசம், நாயோட ஒட்டிப் படுத்தாலே போதும். பாரசிட்டமால் கால் மாத்திரை கூடக் கூடாது.

பழைய ஊசிகளைக் குப்பையில வீசாதீங்க. கெட்டியான டப்பாவுல சேத்து வெச்சு, அடுத்த தடவை போறப்ப ஆஸ்பத்திரியிலயே குடுத்துருங்க.