சிவப்பி நிற்கிற சுவர்

(முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில், ஊர்க் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமார், ஐயாமார், பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம்.

படம் கீறினால் மனவருத்தம் மாறுமா என்று வாசலில் ஒரு ஐயா கேட்டார். அவருக்கு நான் கோவலன் கூத்தைத்தான் நினைவுபடுத்தினேன். அண்ணாவியார் வாரக்கணக்காய்ப் பழக்குவார், ஊரே கூடி உடுப்பும் விளக்கும் ஆயத்தம் செய்யும். கூத்தன்று கண்ணகி அழும்போது பாயில் இருக்கிற பெண்களும் சேர்ந்து அழுவார்கள். யாருக்காக அழுகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. சேர்ந்து அழ ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான். அது எத்தனை பேரை நிமிர்த்தி வைத்தது என்று நமக்குத் தெரியும்.

2009 இல், இறுதிப் போரோடு, அந்த இடமும் போயிற்று. ஏறத்தாழ மூன்று இலட்சம் சனம் முகாம்களுக்குள் போனது. அவற்றில் பெரிய முகாமான மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். ஊருக்கு வந்தால் கூரையும் இல்லை, பக்கத்து வீட்டுச் சனமும் இல்லை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியை ஆராய்ந்து 2010 இல் எழுதியதும் இதைத்தான்: தனி ஆளோடு குடும்பமும் ஊரும் அவற்றின் நம்பிக்கையும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன, வைத்தியமும் அந்த அளவில் நடக்க வேண்டும்.

நாங்கள் ஒரு சனசமூக நிலையச் சுவரில் படம் கீறத் தொடங்கினோம். ஓர் அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார். தூரிகையைத் தொடமாட்டார். பெயின்ட் குழைப்பார், சிரட்டைகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார், போய்விடுவார். கீறச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஏழாம் கிழமை, ஒரு பொடியன் மாடு கீறிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று சொன்னார்: "தம்பி, கொம்பு அப்படி நேராய் இராது. எங்கட சிவப்பிக்கு இடக்கொம்பு உள்ளுக்கு வளைஞ்சிருக்கும்."

அப்புறம் தூரிகையை வாங்கித் தானே அந்தக் கொம்பை வளைத்தார். கை நடுங்கியது, கோடு தடித்துப்போனது. சிவப்பியின் கட்டை அவிழ்த்துவிட்டு ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார். பக்கத்தில் நின்றவருக்குத் தன் வெள்ளைச்சி நினைவுக்கு வந்தது. நெல்வயல் கீறத் திட்டமிட்ட சுவரில் இன்று பதினொரு மாடுகள் நிற்கின்றன, பதினொன்றுக்கும் பெயர் உண்டு. பிள்ளைகளைப் பற்றிக் கதைக்க முடியாதவர்கள் மாடுகளைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்கு அது போதும்.

முன்பு ஒருமுறை வெளியிலிருந்து வந்தவர்கள் எங்கள் பிள்ளைகளிடம் "போரைக் கீறுங்கள்" என்று சொல்லி, கீறியதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். படங்கள் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் அன்றிரவு நித்திரை கொள்ளவுமில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தயவுசெய்து யாரிடமும் காயத்தைக் கீறச் சொல்லாதீர்கள், கீறியதற்கு விளக்கமும் கேட்காதீர்கள். படம் கீறினவருக்குச் சொந்தம். அழிக்க விரும்பினால் அழிக்கட்டும்.

கிளினிக்குக்குப் போகிறவர்கள் குளிசையை நிறுத்தக்கூடாது. சுவர் குளிசைக்குப் பதில் இல்லை. உயிரை விட்டால் என்ன என்று யாராவது கதைத்தால் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கலை உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உதவுகிறது என்று சொன்னது. அந்த நிறுவனமும் அதை வைத்தியத்துக்குப் பக்கத்துணையாகத்தான் பார்க்கிறது.

சரி, கீறத் தெரியாது என்று தயங்குகிறவர்கள் பனையோலை கொண்டு வாருங்கள். நீத்துப்பெட்டி பின்னத் தெரிந்த ஆச்சிமார் இந்தக் கூட்டத்திலேயே நாலு பேர் இருக்கிறீர்கள். ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் போனாலும் சரி, தேத்தண்ணி இருக்கும்.

சுவரில் மூலையோரம் இரண்டு முழம் இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது. நிரப்பட்டுமா என்று போன கிழமை பொடியன் கேட்டான். "கன்றுக்கு இடம் விடு தம்பி" என்றார் அந்த அம்மா.