எவ்வளவு கற்பித்தால் போதும்? மாற்றுத்திறன் மாணவர்களும் அமெரிக்க நீதிமன்றங்களும்

[திரையில்: மூடியிருக்கும் ஒரு பள்ளிக் கதவு]

வணக்கம். ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எட்டாத பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மறுக்கலாம் என்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சட்டம் ஒருகாலத்தில் பள்ளிகளுக்கு அனுமதி அளித்திருந்தது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகப் பாடுபட்ட ஒரு சங்கம் 1971இல் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அந்தப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவசப் பொதுக்கல்வி அளிக்க மாநில அரசு இணங்கியது. நீதிமன்றமும் அந்த உடன்பாட்டை ஏற்றுக்கொண்டது.

தலைநகர் வாஷிங்டனில் ஏழு பிள்ளைகளின் சார்பில் தொடுக்கப்பட்ட மில்ஸ் வழக்கில், போதிய பணம் இல்லை என்று கல்வி வாரியம் வாதிட்டது. இந்த வாதத்துக்கு 1972இல் நீதிபதி ஜோசஃப் வாடி அளித்த பதிலை இன்றும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பணம் போதாவிட்டால், எந்தப் பிள்ளையும் முழுவதுமாக விலக்கப்படாதபடி இருக்கும் பணத்தை நியாயமாகச் செலவிட வேண்டும் என்றும், பற்றாக்குறையின் சுமை மாற்றுத்திறன் பிள்ளைகள் மீது மற்றவர்களைவிடக் கூடுதலாக விழக்கூடாது என்றும் அவர் கூறினார்.

[திரையில்: 1975]

இவ்விரு வழக்குகளின் தாக்கத்தில்தான் 1975ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. நாட்டில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் 80 லட்சத்துக்கு மேல் இருப்பதாகவும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உரிய கல்வி கிடைக்கவில்லை என்றும், 10 லட்சம் பேர் பொதுப்பள்ளிக்கு வெளியே இருப்பதாகவும் நாடாளுமன்றம் அச்சட்டத்திலேயே பதிவு செய்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘இலவசமான, பொருத்தமான பொதுக்கல்வி’ கிடைக்க வேண்டும், அதற்கெனத் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்று எழுதப்பட வேண்டும் என்று சட்டம் விதித்தது. ஆனால் ‘பொருத்தமான’ என்ற சொல்லுக்கு எவ்வளவு கல்வி என்று பொருள் கொள்வது? அடுத்த நாற்பதாண்டு வழக்குகளில் பெரும் பூசல் இந்த ஒரு சொல்லைப் பற்றியதே.

[திரையில்: ரௌலி வழக்கு, 1982]

நியூயார்க் மாநிலப் பள்ளி ஒன்றில் படித்த ஒரு சிறுமிக்குக் காது மிகக் குறைவாகவே கேட்டது. பள்ளி செவித்துணைக் கருவியும், நாள்தோறும் ஒரு மணிநேரத் தனிப்பயிற்சியும், பேச்சுப் பயிற்சியும் தர முன்வந்தது. வகுப்பில் ஒரு சைகைமொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று, தாங்களும் காது கேளாதவர்களான அவளுடைய பெற்றோர் கேட்டனர், பள்ளி மறுத்தது. சிறுமி ஆண்டுதோறும் எளிதாகத் தேறி வருகிறாள் என்பதைச் சுட்டிக்காட்டி, உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகள் பள்ளியின் பக்கம் நின்றனர். பிள்ளை ஓரளவு பயன்பெறத் தக்க கல்வியை அளித்தால் போதும், அதன் திறமை முழுவதையும் வெளிக்கொணரும் கல்வியைச் சட்டம் கேட்கவில்லை என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு.

மறுத்து எழுதிய நீதிபதி பைரன் வைட், வகுப்பில் பேசப்படுவதில் பாதிகூட அவளுக்குப் புரிவதில்லை என்று சுட்டிக்காட்டினார். எனக்கு அவர் சொன்னதே நியாயமாகப் படுகிறது. பாதி பாடத்தை இழந்தும் ஒரு குழந்தை தேறுகிறாள் என்றால், அது அவளுடைய கூர்மைக்குச் சான்றே தவிர, பள்ளி கொடுத்தது போதும் என்பதற்குச் சான்றாகாது. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்தக் குடும்பத்துக்காக வாதாடிய மைக்கேல் சாட்டாஃபும் காது கேளாதவர். நீதிபதிகளின் கேள்விகள் உடனுக்குடன் எழுத்தாகத் தோன்றும் கணினித் திரை ஒன்று நீதிமன்றத்தில் அவருக்காக வைக்கப்பட்டது.

[திரையில்: 1984, 1988, 1999]

பிற கேள்விகளில் பிள்ளைகளுக்குச் சாதகமான தீர்ப்புகள் வந்தன. சிறுநீர் வடிகுழாய் பொருத்தும் உதவியைப் பள்ளி நேரத்தில் செய்து தர வேண்டும் என்று 1984இலும், செயற்கைச் சுவாசக் கருவியை நம்பியிருக்கும் மாணவருக்குச் செவிலியர் கவனிப்பு அளிக்க வேண்டும் என்று 1999இலும் உச்ச நீதிமன்றம் கூறியது. குறைபாட்டோடு தொடர்புடைய நடத்தையைக் காரணம் காட்டி, பள்ளி தானாகவே ஒரு மாணவரைக் காலவரையின்றி வெளியே நிறுத்த முடியாது என்பது 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

[திரையில்: என்ட்ரூ வழக்கு, 2017]

ஆனால் ‘ஓரளவு பயன்’ என்ற அளவுகோல் அப்படியே இருந்தது. சில கீழ் நீதிமன்றங்கள் அதை இன்னும் தாழ்த்தி, அற்பத்துக்குச் சற்று மேலான முன்னேற்றமே போதும் என்றன. கொலராடோ மாநிலத்தில் ஆட்டிசம் கொண்ட ஒரு சிறுவனின் கல்வித் திட்டத்தில், பெரும்பாலும் அதே இலக்குகளே ஆண்டுக்காண்டு திரும்பத் திரும்ப எழுதப்பட்டன. பெற்றோர் அவனைத் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே அவன் முன்னேறினான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2017 மார்ச் மாதம் அங்கே அப்போதிருந்த எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகக் கீழ் நீதிமன்றத்தின் அளவுகோலை நிராகரித்தனர். பிள்ளையின் சூழ்நிலைக்கேற்ற முன்னேற்றத்தை எட்ட வைக்கும் வகையில் திட்டம் அமைய வேண்டும், அதன் இலக்குகள் அறைகூவலாக இருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார்.

[திரையில்: பெரெஸ் வழக்கு, 2023]

மிச்சிகன் மாநிலத்தில் காது கேளாத மாணவர் ஒருவருக்குப் பல ஆண்டுகளாக அமர்த்தப்பட்ட உதவியாளர்களுக்குச் சைகைமொழியில் உரிய தகுதி இல்லை என்றும், மதிப்பெண்களை மட்டும் பள்ளி உயர்த்திக் காட்டியது என்றும் அவருடைய குடும்பம் குற்றம் சாட்டியது. பள்ளிப்படிப்பு முடியச் சில மாதங்களே இருக்கையில், படிப்பை முடித்ததற்கான சான்றிதழ் கிடைக்காது என்று தெரிவிக்கப்பட்டது. 1975இல் பிறந்த அந்தக் கல்விச் சட்டத்தின்கீழ் பள்ளியோடு உடன்பாடு கண்ட பிறகும், ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின்கீழ் பண இழப்பீடு கேட்டு அவர் வழக்கை நடத்தலாம் என்று 2023இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.